ஆளுக்கொரு மாத்திரை

ஜூன் 8, ஞாயிறு

என் பேத்தி சாருமதி சென்னையில் ஊட்டச்சத்துப் படிப்பு மூன்றாம் வருஷம். போன வருஷம் வகுப்பில் இரண்டாவது. முதலாவது வந்த பெண் அரை மார்க்குதான் கூட. அவள் அண்ணன் முத்தரசு ஆடிட்டர் பரீட்சையில் எடுத்த எடுப்பிலேயே பாஸ். அவனோடு எழுதின சிநேகிதர்கள் மூன்று பேரும் மறுபடி எழுதுகிறார்கள், பாவம். மஸ்கட்டில் இருக்கும் என் மகள் வடிவின் பையன் கதிரவன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறான். எங்கள் வம்சத்தில் ஆற்றில் இறங்கினவர்கள் எல்லாம் முங்கி எழுந்ததோடு சரி. மதுரையில் என் இளையவன் குற்றாலத்தின் மகள் யாழினி, இரண்டாம் வகுப்பு, மாறுவேடப் போட்டியில் முருங்கைக்காயாக நின்று முதல் பரிசு. ஐந்து நிமிஷம் வளையவே இல்லையாம்.

இந்த நோட்டைக் கொடுத்தது சாருதான். "ஆச்சி, நாலு வாரம் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிடுறீங்கன்னு தேதி போட்டு எழுதணும். காலேஜ்ல கேக்காங்க. சாப்பாடு மட்டும் போதும், ஊர்க்கதை வேண்டாம்" என்றாள். நோட்டு எண்பது பக்கம். சாப்பாட்டை மட்டும் எழுதினால் பத்துப் பக்கம்கூட நிரம்பாது. மீதியை வீணாக்க மனசில்லை.

பெயர் ஆவுடையம்மாள். ஊர் பாளையங்கோட்டை. வயது எழுபத்திரண்டு. சைவம். வீட்டில் நான் மட்டும். அவுக போய் ஆறு வருஷம் ஆகிறது.

காலை: இட்லி நாலு, மிளகாய்ப்பொடி. மதியம்: சோறு, சுண்டவத்தல் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், மோர். ராத்திரி: கோதுமை தோசை இரண்டு.

ஜூன் 9, திங்கள்

காலை: கேப்பைக் கூழ், சின்ன வெங்காயம். மதியம்: உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், முருங்கைக்கீரை. ராத்திரி: இடியாப்பம், தேங்காய்ப்பால்.

மாத்திரை சாப்பாட்டில் சேராது. அதனால் பட்டியலில் எழுதவில்லை. ஆனாலும் பிள்ளைகள் பெருமையை ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும்.

எனக்கு சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. எல்லாம் சத்து மாத்திரைதான். மூத்தவன் சங்கரன், சாருவின் அப்பா, சென்னையிலிருந்து அனுப்புவது வெள்ளை, புளியங்கொட்டை அத்தண்டி இருக்கும், எலும்புக்கு. வடிவு அனுப்புவது தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி, மூட்டுக்கு. குற்றாலம் கொடுத்தது சின்ன உருண்டை, வைட்டமின் டி என்கிற வெயில் சத்தாம். பாளையங்கோட்டையில் இருப்பவளுக்கு வெயிலை மாத்திரையில் கொடுக்கிறான். முத்தரசு முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பினது மஞ்சள் மாத்திரை. அதற்குள் இருபத்து மூன்று சத்து இருக்கிறதாம்.

எல்லாவற்றையும் அஞ்சறைப்பெட்டியில் ஆளுக்கொரு கிண்ணமாகப் போட்டு வைத்திருக்கிறேன். பேர்தான் அஞ்சறை, கிண்ணம் ஏழு. நாலு கிண்ணத்தில் மாத்திரை, மூன்று காலி. மற்றப் பேரப்பிள்ளைகளும் சம்பாதிக்கும்போது ஆகும். டப்பாக்கள் நல்ல கெட்டியான டப்பாக்கள். கழுவிக் காய வைத்துக் கடுகு, சீரகம், வெந்தயம் போட்டுவிட்டேன். குற்றாலத்தின் மாத்திரை அட்டையில் வந்தது. அதையும் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டியாயிற்று.

காலையில் பலகாரம் முடிந்ததும் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஒவ்வொன்றாக விழுங்குவேன். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி. நாலு பேரும் வந்து போன திருப்தி.

குற்றாலம் மே மாதம் முதல் தேதி வந்தபோது, "வாரத்துக்கு ஒண்ணு போடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். மற்ற மூன்று பேர் மாத்திரையை தினம் போட்டுவிட்டு அவன் மாத்திரையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை போடுவதா? அவன் சின்ன வயதிலேயே எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்பான். தினமும் போட்டுவிடுகிறேன்.

ஜூன் 11, புதன்

காலை: தோசை ஒன்று. மதியம்: சோறு, சொதி, உருளைக்கிழங்கு. பாதி மிச்சம். ராத்திரி: மோர்.

காலையில் அடுத்த வீட்டு செண்பகம் மதினியோடு மைதானத்தில் நடக்கப் போனேன். எப்போதும் நாலு சுற்று. இன்றைக்கு இரண்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மதினி, பெட்ரோல் தீர்ந்துட்டா?"

"செருப்பு கடிக்கி."

"நேத்தும் செருப்புதான் கடிச்சுது. அது செருப்பா நாயா?"

அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

ஜூன் 13, வெள்ளி

காலை: இட்லி இரண்டு. மதியம்: தயிர்ச்சோறு. ராத்திரி: வாழைப்பழம் இரண்டு. தண்ணீர் நிறைய.

இந்த வருஷம் வெயில் போன பிறகும் தாகம் போகவில்லை. சொம்பைக் கையிலேயே வைத்திருக்கிறேன். குடிக்கிற தண்ணீர் அதே வேகத்தில் வெளியே போகிறது.

ஜூன் 15, ஞாயிறு

காலை: உப்புமா, உப்புப் போட மறந்துவிட்டது. மதியம்: அவியல், சோறு கொஞ்சம். ராத்திரி: ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கரன் போன் வரும்.

"எப்படி இருக்கேம்மா?"

"எனக்கென்ன, ராஜாத்தி மாதிரி இருக்கேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"அவியல்ல மிளகாய் கூடிட்டு."

பங்குனியில் ஒரு பொழுது விரதம் இருந்தபோது மயங்கி விழுந்துவிட்டேன். அப்போதே அவன் சொல்லிவிட்டான், "இன்னொரு தடவை தலை சுத்துதுன்னு கேட்டேன், மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். வீட்டைப் பூட்டிச் சாவியை செண்பகம் அத்தைகிட்ட குடுத்துருவோம்." பாசத்தில் சொல்வதுதான். மருமகளும் தங்கமானவள். எனக்கென்று ஒரு அறை, தனி மின்விசிறி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே அடுப்பு அவளுடையது. நான் கூடத்தில் உட்கார்ந்து, என்ன குழம்பு என்று வாசனையில் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு சாரு போனை வாங்கினாள். "ஆச்சி, நோட்டு எழுதுறீங்களா? ஒண்ணும் விடாம எழுதணும் கேட்டேளா."

"ஒரு பருக்கை விடலை தாயீ."

ஜூன் 16, திங்கள்

காலை: இட்லி ஒன்று. மற்றது பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 18, புதன்

நேற்று எழுத மறந்துவிட்டது. நேற்று என்ன சாப்பிட்டேன் என்பதும் மறந்துவிட்டது. சாரு மன்னிக்கவும்.

வயிறு நாலு நாளாகக் கல்லு மாதிரி இருக்கிறது. காலேஜில் படிக்கிற நோட்டில் இதற்கு மேல் எழுதக் கூடாது. வாழைப்பழம் ஆறு, வெந்நீர், கடுக்காய்ப் பொடி. ஒன்றும் நடக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை, அதனால் சத்து போதவில்லை, அதனால்தான் இந்த அசதி. இன்று முதல் முத்தரசு மாத்திரையை இரண்டாகப் போடுகிறேன். சங்கரன் மாத்திரையும் இரண்டு. பேரனுக்கு இரண்டு போட்டுவிட்டு மகனுக்கு ஒன்று போடுவது முறையில்லை. வடிவு மாத்திரை ஏப்பத்தில் ஒரு கவிச்சி வருகிறது. அதனால் அது மட்டும் ஒன்று. அவள் கோபிக்க மாட்டாள்.

ஜூன் 19, வியாழன்

நடக்கப் போகவில்லை. புறவாசல் படி கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன். விழவில்லை. செண்பகம் மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, தரையில உக்காந்திருக்கிய?"

"எறும்பு போகுது, பாத்துக்கிட்டிருக்கேன்."

"சங்கரனுக்கு ஒரு போன் போடவா?"

"எறும்பு போறதுக்கெல்லாம் அவனுக்கு எதுக்கு போனு?"

அவள் கொஞ்ச நேரம் போகாமல் நின்றாள். பிறகு ஒரு தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அவள் பேசாமல் போனது இந்த முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மதியம்: ரசம்.

ஜூன் 21, சனி

குற்றாலம் மாத்திரை இன்றோடு தீர்ந்தது. கிண்ணம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க என்னமோ போல் இருக்கிறது. நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் குற்றாலத்துக்கு நானே போன் போட்டேன்.

"ஐயா, உன் மாத்திரை தீர்ந்துட்டு. யாராவது இந்தப் பக்கம் வந்தாக் குடுத்து விடு."

"எந்த மாத்திரைம்மா?"

"வெயில் மாத்திரைதான்."

"அது எப்படித் தீரும்? ஒரு வருஷத்துக்கு வாங்கிக் குடுத்தேனே. அம்பத்திரண்டு வாரம், அம்பத்திரண்டு மாத்திரை."

"அம்பத்திரண்டு நாளாச்சுல்லா ஐயா."

 

"அம்மா. தினம் போட்டியா?"

"ஆமா. அவங்க மூணு பேரு மாத்திரையைத் தினம் போடுதேன், உன்னுதை மட்டும் ஒதுக்கி வைக்க முடியுமா? நீயும் நான் பெத்தவன்தானே."

"ஐயோ அம்மா" என்றான். பிறகு போனை வைத்துவிட்டான். பெற்ற தாயிடம் சொல்லாமல் போனை வைக்கிற பையன் இல்லை அவன்.

பத்து நிமிஷத்தில் சாரு கூப்பிட்டாள். ஆச்சி, தாகம் இருக்கா? இருக்கு. அடிக்கடி ஒண்ணுக்குப் போறேளா? இது என்ன கேள்வி, போறேன். வயிறு? ... தலை சுத்துதா?

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

"ஆச்சி, நான் அப்பாகிட்ட சொல்லலை. என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"படி கொஞ்சம் நகருது" என்றேன்.

அவ்வளவுதான். செண்பகம் மதினிக்கு யார் போன் போட்டார்களோ, ஐந்து நிமிஷத்தில் ஆட்டோவோடு வாசலில் நின்றாள். "எறும்பு பாக்கப் போவோம், வாங்க" என்றாள். சாரு சொன்னபடி அஞ்சறைப்பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்னப் பெண். "பாட்டி, என்னென்ன மாத்திரை எடுக்கீங்க, பேரு சொல்லுங்க."

பெட்டியைத் திறந்தேன். "இது சங்கரன். இது வடிவு. இது முத்தரசு. இந்தக் காலிக் கிண்ணம் குற்றாலம்."

"பிள்ளைங்க பேரு இல்ல பாட்டி, மாத்திரை பேரு."

"பேரு அதுதாம்மா."

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. கையில் ஊசி வழியாக மருந்துத் தண்ணீர் ஏறுகிறது, இன்னொரு கையால் எழுதுகிறேன். நல்ல வேளை, குத்தினது இடது கை.

வெயில் மாத்திரை கூடினதால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிவிட்டதாம். வெற்றிலை போடாத எனக்கு சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா சிறுநீரகம் கெட்டிருக்கும்" என்றார்கள்.

மூன்று வேளையும் கஞ்சி. உப்பு உண்டு.

ஜூன் 26, வியாழன்

தாகம் குறைந்திருக்கிறது. வயிறும் வழிக்கு வந்தது. காலை இட்லி மூன்று. ஆஸ்பத்திரிச் சட்னியில் தேங்காயைத் தேட வேண்டியிருக்கிறது.

சாருவும் சங்கரனும் திங்கட்கிழமையே ரயிலில் வந்துவிட்டார்கள். சாரு நேராக என் வீட்டு அடுப்படிக்குப் போய்க் கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் டப்பாவோடு பையில் போட்டு எடுத்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். சங்கரன் மாத்திரையில் சுண்ணாம்புச் சத்தும் வெயில் சத்தும். முத்தரசு மாத்திரையில் மறுபடியும் இரண்டும். வடிவு மாத்திரையிலும் வெயில் சத்து. இதற்கு மேல் குற்றாலம் கொடுத்தது ஒரு வாரத்துக்கு உள்ளது ஒரு நாளைக்கு. நாலு பேரும் தனித்தனியாக ஒரே பலகாரத்தை அனுப்பின மாதிரி ஆகிவிட்டது.

"ஆச்சி, வடிவு அத்தை மாத்திரை என்னன்னு தெரியுமா?"

"மூட்டுக்கு."

"மீன் எண்ணெய். மீனோட ஈரல்லருந்து எடுக்கிறது."

எழுபத்திரண்டு வருஷ சைவம். எனக்கு ஏப்பத்தில் வந்த கவிச்சியின் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. வடிவுக்கு உடனே போன் போட்டேன். "மருந்துன்னுதாம்மா சொல்லாம அனுப்பினேன்" என்று அழுதாள். நான் என்ன சொல்ல முடியும்? "மீன் பாவம், அதுக்கும் மூட்டு வலிச்சிருக்கும்" என்றேன். அழுகையிலேயே சிரித்துவிட்டாள்.

டாக்டர் அம்மா இந்த நோட்டை வாங்கிப் புரட்டினார்கள். கேப்பை, எள்ளு, முருங்கைக்கீரை, உளுந்து என்று விரல் வைத்து வாசித்துவிட்டு, "இப்படிச் சாப்பிடுற ஆளுக்கு இத்தனை மாத்திரை எதுக்கு? எது குறையுதுன்னு ரத்தத்தில பாத்துட்டு, அதை மட்டும்தான் குடுக்கணும். உங்களுக்குக் குறையிறது ஒண்ணே ஒண்ணு" என்றார்கள். பி பன்னிரண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வயசானால் அது குறைவது உண்டாம், கீரையில் கிடைக்காதாம். அதற்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். என் பிள்ளைகள் அனுப்பின எதுவும் வேண்டாம். யாரும் யாரையும் பார்த்துக் குறைப்பட இடமில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி.

குற்றாலம் மதுரையிலிருந்து வந்து கால்மாட்டில் நின்றான். அவன் டாக்டர் அவனுக்கு எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. அவனுக்கு முதுகு வலி போனதும், அம்மாவுக்கும் இருக்கட்டும் என்று ஒரு வருஷத்துக்கு வாங்கிவிட்டானாம். டாக்டர் அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். வெளியே வந்தபோது அவன் காது சிவந்திருந்தது. "வாரத்துக்கு ஒண்ணுன்னு அட்டையிலேயே போட்டிருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னான். அட்டையை நான்தான் பிரித்து எறிந்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. மதியம் சாரு சமையல். ரசத்தில் புளி கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை, எழுத மட்டும் செய்கிறேன்.

சாப்பிட்டதும் சங்கரன் பீரோவிலிருந்து என் சேலைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். எனக்கு எது பிடிக்கும் என்று தெரியாமல் வேண்டாத சேலையாக அடுக்கினான்.

"திங்கக்கிழமை டிக்கெட் போட்டிருக்கேன். நீ ஒண்ணும் பேசாதம்மா."

சாருதான் நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "அப்பா, பதினொண்ணாம் தேதியிலருந்து படிங்க."

அவன் நின்றுகொண்டே படித்தான். செருப்பு கடித்தது, மிளகாய் கூடினது, எறும்பு போனது எல்லாம். பிறகு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இத்தனையும் வச்சுக்கிட்டு என்கிட்ட ராஜாத்தி மாதிரி இருக்கேன்னு சொன்னியாம்மா? ஏன் சொல்லலை?"

அப்போது நான் உள்ளதைச் சொன்னேன். "சொன்னா நீ கூட்டிட்டுப் போயிருவேல்லா ஐயா."

அவன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஐம்பது வயது. அவ்வளவு அழுக்கு அந்தக் கண்ணாடியில் கிடையாது.

"அப்ப நான் மிரட்டினதுனாலதான் நீ மறைச்சியா?"

"நீ மிரட்டலை. அக்கறையாத்தான் சொன்னே. எனக்குத்தான் பயமாயிட்டு."

செண்பகம் மதினி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"சரி" என்றான் சங்கரன். "நான் இனிமே வீட்டைப் பூட்டுற பேச்சு எடுக்கலை. நீ ஒண்ணையும் மறைக்கக் கூடாது. தலை சுத்துனா தலை சுத்துதுன்னு சொல்லணும்."

"படி நகருதுன்னு சொல்லலாமா?"

"அதெல்லாம் கூடாது. தலை சுத்துதுன்னுதான் சொல்லணும்."

"சரி" என்றேன்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்கப்பா" என்றாள் சாரு. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

ஜூலை 2, புதன்

காலை: தோசை மூன்று, தக்காளிச் சட்னி. பி பன்னிரண்டு ஒன்று. மதியம்: கூட்டாஞ்சோறு, அப்பளம். ராத்திரி: இடியாப்பம். தண்ணீர் எட்டு டம்ளர். டாக்டர் சொன்ன அளவுதான்.

மாத்திரையையும் பட்டியலில் எழுத வேண்டும் என்று சாரு சொல்லிவிட்டுப் போனாள். எழுதிவிட்டேன்.

மைதானத்தில் இரண்டு சுற்று. இரண்டாவது சுற்றில் கால் கொஞ்சம் தள்ளாடினது. வீட்டுக்கு வந்ததும் சங்கரனுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். "உக்காந்து தண்ணி குடிச்சியா?" என்றான். குடித்தேன் என்றேன். "நாளைக்கு ஒரு சுத்து போதும்" என்றான். அவ்வளவுதான். டிக்கெட் என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. போனை வைத்துவிட்டு உளுந்து ஊறப் போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலை: இட்லி நாலு. பி பன்னிரண்டு. மதியம்: சோறு, சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு. மிச்சமில்லை. ராத்திரி: இன்னும் ஆகவில்லை. அடை சுடலாம் என்றிருக்கிறேன்.

நேற்று மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு இறங்கிவிட்டது. மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும், வெயில் மாத்திரைப் பக்கமே போகக் கூடாது.

சாரு, நாலு வாரம் முடிந்தது. இந்த நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வயிறு கல்லு மாதிரி இருந்ததை எழுதின பக்கத்தை உங்கள் டீச்சர் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும். உனக்கு நல்ல மார்க்கு வந்தால் சரி. இந்தத் தடவை அந்த அரை மார்க்கைத் தாண்டிவிடு.

நேற்று வடிவு போனில், "இனி என்னம்மா அனுப்பட்டும்? கை சும்மா இருக்க மாட்டேங்குதே" என்றாள். குற்றாலமும் அதையே கேட்டான், பாதாம்பருப்பு வாங்கி வரட்டுமா என்று. இரண்டு பேருக்கும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். உன்னிடம் சொல்கிறேன், நீ எல்லாருக்கும் சொல்லிவிடு.

ஆவணியில் வடிவு ஊருக்கு வரும்போது நீங்கள் நாலு பேரப்பிள்ளைகளும் ஒன்றாக நின்று ஒரு போட்டோ எடுங்கள். யாழினி நடுவில் நிற்கட்டும். முத்தரசு பல் தெரியச் சிரிக்கட்டும். கதிரவன் பதக்கத்தைப் போட்டுக்கொள்ளட்டும். போனில் அனுப்பாதே, அதில் விரல் பட்டால் படம் ஓடிப்போகிறது. கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பின்னால் ஒரு அட்டை வைத்து, மடங்காமல் தபாலில் போடு.